எக்ளி மீனும் கை தராத ஒரு வருடமும்

இப்போதெல்லாம் என் போன் அடித்தால் அது மீன் கதையாகத்தான் இருக்கும். பாசலில் இருந்து ஒருவர், சோலோதுர்னில் இருந்து ஒருவர், இங்கே துன்னிலேயே கோயிலில் என்னைக் கண்டும் காணாத மாதிரிப் போய்க்கொண்டிருந்த ஒருவர். எங்கள் ஆட்கள் எல்லாரும் திடீரென்று தூண்டில் வாங்கிவிட்டார்கள். பரீட்சை எழுதி மீன்பிடி அட்டையும் எடுத்துவிட்டார்கள். "அண்ணை, எக்ளி எங்கை நிக்கும்?" இதுதான் கேள்வி. எங்கே என்று கேட்கிறார்களே ஒழிய, எப்போது என்று ஒருவரும் கேட்பதில்லை. வருடம் முழுவதும் ஒரே பாலத்தடியில் நின்றுவிட்டு, ஏரியில் மீனே இல்லையாம், நீர்க்காகம் எல்லாவற்றையும் தின்று முடித்துவிட்டதாம். போங்கடாப்பா.

ஆளாளுக்குச் சொல்லிக் களைத்துப் போனேன். ஒரே தரமாக எழுதிவிடுகிறேன். மீனை மட்டும்தான் எழுத நினைத்தேன். ஆனால் எக்ளியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு மனிதரிடம் இருந்து வந்தது. அவரை விட்டுவிட்டு எழுத வரவில்லை.

என் பெயர் சிவம். சுவிஸில், துன் ஏரிக்கரையில் ஒரு மீனவரிடம் ஓய்வு பெறும்வரை வேலை செய்தவன். ஊரில் நான் தூண்டிலைத் தொட்டதே கிடையாது. அகதியாக வந்தேன், ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவினேன், பிறகு மீன் வெட்டினேன். அந்த ஹோட்டலுக்கு மீன் கொண்டுவருபவர் வால்டர். ஒருநாள் வாசலில் நின்று நான் வெட்டுவதைப் பார்த்தார். குளிர் தாங்குவாயா, நீந்துவாயா என்று இரண்டு கேள்வி கேட்டார். இரண்டுக்கும் ஓம் என்றேன். ஒன்று பொய். அவ்வளவுதான் எனக்கு நடந்த நேர்முகத் தேர்வு.

பாசலில் இருக்கும் மச்சான் குணம் விழுந்து விழுந்து சிரித்தான். "என்னடாப்பா, வலை இழுக்கவோ பிளேன் ஏறி வந்தனி?" மனிசிக்கு அது சிரிப்பாக இருக்கவில்லை. விடியமுன் எழும்புவது, உடுப்பு மணம், ஞாயிற்றுக்கிழமையும் வேலை. மகளுக்குப் பாசலில் நல்ல வேலை கிடைத்தபோது அவளோடு கொஞ்சக் காலம் இருக்கப் போனாள். அந்தக் கொஞ்சக் காலம் இன்னும் முடியவில்லை. சண்டை என்று ஒன்றும் இல்லை. தீபாவளிக்குப் போனில் கதைப்போம்.

வால்டரை நான் ஷெஃப் என்றுதான் கூப்பிடுவேன். இங்கே முதலாளியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் கதைக்கிற மனிதர் இல்லை. படகில் ஏறினால் கையைத்தான் காட்டுவார்: இடம், வலம், நிற்பாட்டு. ஆனால் காலையிலும் மாலையிலும் கை தருவார். மழையோ பனியோ, கையுறையைக் கழற்றி, கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு, முகத்தை நேரே பார்த்து, பெயரைச் சொல்லித் தருவார். காலையில் "மோர்கே, சிவம்." மாலையில், விடைபெறும் சொல்லாக, "ஆடே, சிவம்." முதலில், இதென்ன தினமும் ஒரு சடங்கு என்று எனக்குச் சலிப்பாக இருந்தது. மனிசி போன பிறகுதான் தெரிந்தது, என் பெயரை ஒரு மனிதர் வாயால் நான் கேட்பது ஒரு நாளில் அந்த இரண்டு தரம் மட்டும்தான் என்று.

கதைக்கிற வேலையெல்லாம் அவர் மனைவி ரோஸ்மரியின் பொறுப்பு. ஏரிக்கரையில் இருக்கும் மீன் கொட்டிலின் யன்னலால் மீன் விற்பார். வருகிற சனத்தின் பிள்ளை குட்டி, முழங்கால் வலி எல்லாம் விசாரிப்பார். எனக்கும் சேர்த்துத்தான் சூப் வைப்பார்.

சரி, மீனுக்கு வருகிறேன். எக்ளி என்றால் பச்சை உடம்பில் கறுப்புக் கோடு, சிவந்த கீழ்ச்செட்டை, முதுகில் விசிறி மாதிரி முள். கவனமில்லாமல் பிடித்தால் உள்ளங்கை கிழியும். ஷெஃப்புக்கு எக்ளியின் ஆண்டு தை மாதம் மரத்தோடு தொடங்கும். நத்தார் முடிந்ததும் சனம் வீட்டுக்குள் சோடித்து வைத்த கிறிஸ்மஸ் மரங்களைத் தெருவில் தூக்கிப் போடும். நாங்கள் அதைப் பொறுக்குவோம். அதில் மினுங்கல் நூல் ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஒவ்வொரு கிளையாகத் தடவிப் பார்ப்பார். இரண்டு மூன்று மரங்களைச் சேர்த்துக் கட்டி, அடியில் கல் நிரப்பிய சாக்கைக் கட்டி, நீர்ப்புல் முடிகிற இடத்தில் ஏரிக்குள் இறக்குவோம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையை விட வேண்டும். ஒருவர் முந்தினால் படகு சரியும். அதற்காக மட்டும் ஷெஃப் வாய் திறந்து ஒன்று, இரண்டு, மூன்று சொல்வார்.

சித்திரையில் தண்ணீர் கொஞ்சம் சூடேற எக்ளி கரைக்கு வந்து அந்த மரங்களில் முட்டையிடும். வெள்ளைப் பட்டியாக, கிளையில் பூமாலை சுற்றிவிட்ட மாதிரி இருக்கும். தம்பிமார், அந்த நேரத்தில் அங்கே தூண்டில் போடாதீர்கள். பெட்டை எக்ளி வயிறு புடைத்து, கண் முன்னால்தான் நிற்கும். சும்மா போட்டாலே பிடிபடும். ஷெஃப் அந்த இடத்தால் எஞ்சின் போட்டுப் படகைக்கூட ஓட்ட மாட்டார், துடுப்புத்தான்.

ஒரு தை மாதம், மரங்கள் எல்லாம் பொறுக்கிக் கொட்டிலடியில் குவித்து வைத்திருந்தபோது ரோஸ்மரி செத்துப் போனார். வருத்தம் என்று படுத்து அதிக நாள் இல்லை.

செத்த வீட்டுக்கு எப்படிப் போவது என்று எனக்கு ஒரே யோசனை. குணத்துக்குப் போன் எடுத்தேன்.

"மச்சான், இவையின்ரை செத்த வீட்டுக்கு நான் போனதில்லை. என்ன செய்யிறது?"

"கறுப்பு உடு. பூ கொண்டு போ. மற்றது, வெளிக்கிடேக்கை சொல்லிக்கொண்டு வெளிக்கிடாதை. மெதுவா எழும்பி வந்திடு."

"இவையளும் அப்பிடித்தானோ?"

"செத்த வீடு எண்டால் எங்கையும் ஒண்டுதானேடா!"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. சின்ன வயதில் இருந்து பார்த்து வளர்ந்தது. செத்த வீட்டில் போய்வருகிறேன் என்று யாராவது சொன்னால் கிழவிகள் கண்ணாலேயே சுட்டுவிடுவார்கள்.

தேவாலயம், பிறகு கல்லறை, பிறகு ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் விருந்து மாதிரி ஒரு சாப்பாடு. நான் கடைசி மேசைக்குப் போனேன். ஷெஃப் கையைக் காட்டிக் கூப்பிட்டார். ஒரு பக்கம் மகள் ஊர்சுலா, மறுபக்கம் நான். அண்ணன் தம்பி எல்லாரும் வேறு மேசையில். சாப்பாடு இறங்கவில்லை. சனம் எழும்பத் தொடங்க, ஷெஃப் வாசலில் போய் நின்று ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தார். நீளமான வரிசை. நான் குசினிப் பக்கத்துக் கதவால் சத்தமில்லாமல் வெளியே வந்து பஸ் ஏறினேன். முறைப்படி செய்துவிட்டேன் என்று மனதில் ஒரு நிறைவு வேறு.

அடுத்த நாள் விடிய, செத்த வீட்டில் அடுப்பு எரியாது என்று, சோறும் பருப்பும் சமைத்துக் கொண்டு போனேன். ஷெஃப் கொட்டிலில் வலை பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையுறையைக் கழற்றினேன். அவர் கழற்றவில்லை. சட்டியைப் பார்த்தார், வாங்கில் வை என்று தலையால் காட்டினார். மாலையிலும் கை இல்லை, பெயர் இல்லை. பாவம், மனம் உடைந்து போயிருக்கிறார் என்று நினைத்தேன்.

அந்த வாரம் மரங்களை இறக்கினோம். அவர் எண்ணவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். நான் அந்த ஆட்டலைப் பிந்திக் கண்டேன். படகு சரிந்து இடுப்பு வரை நனைந்தேன். நீந்தத் தெரியாதவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள். என் தோளைப் பிடித்து இழுத்து உள்ளே இருத்தினார். பிடித்த கை இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனால் உடனே அடுத்த மரத்துக்குத் திரும்பிவிட்டார்.

மாசி போனது, பங்குனி போனது. சித்திரையில் நான் அடியில் கண்ணாடி வைத்த வாளியால் தண்ணீருக்குள் பார்த்தபோது, ரோஸ்மரி செத்த வாரம் இறக்கிய மரங்கள் முழுக்க முட்டைப் பட்டி. என்னையறியாமல், "ஷெஃப், வந்து பாருங்கோ!" என்று கத்திவிட்டேன். எனக்கு வாயில் எந்த மொழி வந்ததோ தெரியாது. அவர் வாளியை வாங்கிக் குனிந்து நீண்ட நேரம் பார்த்தார். திருப்பித் தந்துவிட்டுத் துடுப்பைப் போட்டார்.

கோடை எனக்குப் பிடிக்காத காலம். மீன் சரி, மனிதர்தான் சரியில்லை. கோடையில் எக்ளி கூட்டமாக மேலே வந்து குஞ்சு மீன்களைத் துரத்தும். ஏரி ஒரு இடத்தில் மட்டும் மழை பெய்வது போலத் துள்ளும். மேலே வெள்ளைப் பறவைகள் விழும். அதற்குள் நேரே எறிந்தால் கூட்டம் கலைந்துவிடும். சின்ன வெள்ளிக் கரண்டித் தூண்டிலை அதற்கு அப்பால் எறிந்து, கூட்டத்தின் ஓரத்தால் இழுத்துக்கொண்டு வர வேண்டும். வெயில் ஏறினால் கட்டி வைத்த படகுகளின் நிழலுக்குக் கீழே தேடுங்கள். பிடித்ததும் தலையில் ஒரு அடி, உடனே செவுளில் வெட்டு. படத்துக்குப் பிடித்து வைத்து நெளிய விடுவது பாவம், இங்கே சட்டமும் விடாது.

ஷெஃப் கோடையில் ஹோட்டல் விருந்தாளிகளைப் படகில் கூட்டிப் போவார். ஒருநாள் ஒரு குடும்பம் வந்தது. இறங்கும்போது தகப்பனுக்குக் கை கொடுத்தார், தாய்க்குக் கொடுத்தார், தள்ளுவண்டியில் இருந்த பிள்ளைக்குக்கூடக் குனிந்து இரண்டு விரல் கொடுத்தார். பிறகு கையைத் துடைத்துவிட்டு என்னைத் தாண்டிப் போனார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இது துக்கம் இல்லை, இது எனக்கு மட்டும்தான்.

அன்று இரவு அழுதேன். எழுத வெட்கமில்லை. நான் என்ன செய்தேன்? மீனைப் பிழையாக வெட்டினேனா? சோறு கொண்டு போனது பிழையா? மனிசி போனபோதும் இவ்வளவு யோசித்தது இல்லை. அவள் போன காரணம் எனக்குத் தெரியும். இதற்குக் காரணமே தெரியாது. கேட்க வாய் வரவில்லை. அவர் கதைக்காதவர், எனக்கு ஜெர்மன் நொண்டி. இரண்டு பேரும் ஒரு படகில் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தோம். பழைய ஹோட்டலில் குசினிக்கு ஆள் தேவை என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். இலையுதிர் காலம் முடிந்ததும் அங்கே போய்விடுவதென்று முடிவு கட்டினேன். போனால், என்றைக்காவது அவர் திரும்ப என் பெயரைச் சொல்லுவார் என்ற நம்பிக்கையும் இனி இல்லை. அந்தப் பயத்தில்தான் நாளைத் தள்ளிக்கொண்டே போனேன்.

இலையுதிர் காலம்தான் எக்ளிக்கு. ஒரே ஒரு காலத்தில்தான் போக முடியும் என்றால் அப்போது போங்கள். தண்ணீர் ஆற, கூட்டம் கரைத் திட்டை விட்டு, ஏரி திடீரென்று ஆழத்துக்கு விழுகிற விளிம்புக்குப் போகும். விரல் நீள ரப்பர் மீன், அதற்கு ஏற்ற ஈயம். அடியில் தட்டும் வரை விட வேண்டும். தட்டியதும் ஒரு சாண் தூக்கி, விழ விட்டு, பொறுத்திருக்க வேண்டும். தூக்கும்போது கடிக்காது, விழும்போதுதான் கடிக்கும். நீங்கள் எல்லாரும் தூக்கிக்கொண்டே இருக்கிறீர்கள், பிறகு எப்படி? எக்ளி தன் அளவு மீனோடுதான் சேரும். சின்னதாக வந்தால் அந்த இடத்தில் எல்லாம் சின்னதுதான். கொஞ்சம் ஆழத்துக்கு நகருங்கள்.

அப்படி ஒரு நாள் மீன் நிறைந்த பெட்டியோடு கொட்டிலுக்கு வந்தபோது, சோலோதுர்னில் இருந்து ஊர்சுலா வந்திருந்தார். தாயின் உடுப்புகளை எடுத்துப் போக வந்தவர். ஷெஃப் சாப்பாட்டுக் கடைகளுக்கு மீன் கொடுக்கப் போய்விட்டார். நான் என் நொண்டி ஜெர்மனில் துணிந்து கேட்டேன்.

"ஊர்சுலா, நான் அப்பாவுக்கு என்ன செய்தனான்?"

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியாதோ?"

"தெரியாது. சத்தியமாத் தெரியாது."

"அம்மாவின்ரை செத்த வீட்டுச் சாப்பாட்டிலை இருந்து நீங்கள் கை குடுக்காமல், ஒரு சொல்லுச் சொல்லாமல் போயிட்டீங்கள்."

நான் வாய் திறக்கமுன் அவரே தொடர்ந்தார். "நான் அப்பாவை வீட்டை கூட்டிக்கொண்டு போகக் கேட்டனான். வேண்டாம், நீ பிள்ளையளோடை போ, எல்லாரும் போன பிறகு நான் சிவத்தோடை நடந்து போறன் எண்டு சொன்னவர். வாசலிலை கனநேரம் நிண்டவர். உங்கடை கோட்டு இருக்கோ எண்டு உள்ளை போய்ப் பாத்தவர். கோட்டும் இல்லை."

பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அதன்மேலேயே இருந்துவிட்டேன். குணத்தை அந்த நேரம் கையில் கிடைத்திருந்தால் ஏரிக்குள் இறக்கியிருப்பேன், கல்லும் கட்டி. ஊர்சுலாவிடம் எங்கள் முறையைச் சொன்னேன். "இதை அப்பாவிட்டை நீங்கள்தான் சொல்ல வேணும்" என்றார்.

சொல்ல வேண்டும் என்றால் லேசா? நாள் போய்க் குளிர் வந்துவிட்டது. மாரியில் எக்ளி ஆழத்துக்கு இறங்கி, அசையாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும். வலை போடாத நாட்களில், ஒரு சாப்பாட்டுக் கடைக்குக் கொஞ்சம் மீன் வேண்டும் என்றால் நாங்கள் தூண்டிலோடு போவோம். நங்கூரத்தைச் சரிவில் விட்டு, நூலை நேரே கீழே இறக்க வேண்டும். தூக்கக் கூடாது, கை நடுங்குகிற அளவு அசைவு போதும். கடி என்று தெரியாது. நூல் கொஞ்சம் பாரமாகும், அவ்வளவுதான். ஒன்று கவனியுங்கள். ஆழத்தில் இருந்து வருகிற மீனுக்குக் காற்றுப்பை ஊதி வாய்க்கு வந்துவிடும். சின்னது என்று திரும்ப விட்டாலும் பிழைக்காது. அதனால் சின்னது ஒன்று வந்தால் நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட வேண்டும். இதில் ஷெஃப் ஒருநாளும் மனம் இரங்கியதில்லை.

அப்படி நங்கூரம் விட்டு இருந்த ஒரு பின்னேரம், மலையெல்லாம் முகிலுக்குள், ஏரியில் எங்கள் படகைத் தவிர ஒன்றும் இல்லை. எனக்கு வாய் திறந்துவிட்டது. என் ஜெர்மன் எப்படி இருந்ததோ கடவுளுக்குத்தான் வெளிச்சம். எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன்.

"ஷெஃப், எங்கடை ஆக்கள் செத்த வீட்டிலை இருந்து வெளிக்கிடேக்கை ஒருத்தருக்கும் சொல்லிறதில்லை. கையும் குடுக்கிறதில்லை. சும்மா எழும்பிப் போறது."

அவர் தூண்டில் நுனியைப் பார்த்தபடியே இருந்தார். "ஏன்?" என்றார்.

"விடைபெற்றுக்கொண்டு வந்தால், இன்னொருக்கால் அப்பிடி ஒரு காரியத்துக்கு அந்த வீட்டுக்கு வரவேண்டி வருமெண்டு பயம்."

"அந்த வீட்டிலை மிச்சம் நான் மட்டும்தான்."

"ஓம், ஷெஃப்."

"அப்ப, நான் சாகக்கூடாது எண்டுதான் நீ சொல்லாமல் போனாய்."

"ஓம்."

அவர் வாய் ஒரு பக்கம் கோணியது. சிரிப்போ என்னவோ. என் பெயரைச் சொல்லி, பேர்ன் பக்கத்து ஆட்கள் அன்பாகவும் ஏசுகிற ஒரு ஏச்சு ஏசினார். எனக்கு அது தேவாரம் கேட்ட மாதிரி இருந்தது. நூலைச் சுற்றினார், புழு மாற்றினார், திரும்ப இறக்கினார். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். நூல் அடியில் தட்டிய பிறகு அவர் சொன்னார்.

"விளங்குது. எண்டாலும் அண்டைக்கு நான் தனியத்தான் நடந்து போனனான்."

மன்னியுங்கோ என்றேன். அவர் தலையாட்டினார். பிறகு நங்கூரத்தைத் தூக்கிக் கரைக்குத் திரும்பினோம்.

இருட்டத் தொடங்கியிருந்தது. படகைக் கட்டி, மீனைப் பனிக்கட்டிக்குள் வைத்து, கொட்டிலைப் பூட்டினோம். அவர் வீடு மேட்டுப் பக்கம், என் பஸ் மறுபக்கம். நான் அவர் பக்கம் நடந்தேன். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. வாசலுக்கு வந்து திறப்பைக் கையில் எடுத்தவர், கதவைத் திறக்காமல் என் பக்கம் திரும்பினார்.

"உன்னை ஆர் கொண்டுபோய் விடுறது?"

"பஸ் இருக்கு, ஷெஃப்."

"வீட்டிலை ஆர் இருக்கினம்?"

இத்தனை வருடத்தில் அவர் அதைக் கேட்டது அதுதான் முதல் தரம். மனிசி போனதை நான் ரோஸ்மரியிடம் மட்டும் சொல்லியிருந்தேன். ரோஸ்மரி அதை அவரிடம் சொல்லவில்லை போலும்.

"ஒருத்தரும் இல்லை" என்றேன்.

திறப்பைத் திரும்பவும் சட்டைப் பைக்குள் போட்டார். "வா" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே என்னோடு பஸ் தரிப்பு வரை நடந்து வந்தார். பனி தூறியது. பஸ் வரும்வரை என் பக்கத்தில் நின்றார். பஸ் வெளிச்சத்தோடு வளைவில் திரும்பியதும் கையுறையைக் கழற்றி, கையைக் காற்சட்டையில் துடைத்து, முகத்தைப் பார்த்து, "ஆடே, சிவம்" என்றார். அந்தக் கையை நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். சாரதி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தான்.

ஏறிப் பின்னால் போய்க் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். அவர் மேட்டுப் பக்கம் திரும்பி, மறுபடியும் தனியாகத்தான் வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தார்.